அட்டனில் வாங்காமல் வந்த பிரஷ்

என் அன்பான அப்பாவுக்கு,

அன்று அட்டன் டவுனிலிருந்து திரும்பியபோது உங்களிடம் இரண்டு விஷயங்களை நான் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி இல்லாமலே படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது ஒன்று. உங்கள் இடது கைக்குப் பொருத்தமான சவரப் பிரஷைக் கடையில் பார்த்தும் அதை வாங்காமல் வந்தது மற்றொன்று. "நல்லதா ஒன்னும் இல்லப்பா. இருந்ததுல இதுதான் தேவல" என்று வேறொன்றை நீட்டினேன். நீங்கள் நம்பினீர்கள்.

நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? களைப்பாக இருக்கிறது, அப்பா. சொன்ன பொய்யோடு தினமும் ஒத்துப்போய்ப் பேசிக்கொண்டிருப்பது இத்தனை களைப்பான வேலை என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பாரிசவாதம் வந்து உங்கள் வலது கை விழுந்த பிறகு, வாயின் வலது ஓரம் எப்போதும் நனைந்தே இருந்தது. தாடையில் புண் வந்தது. தாடி வளர்ந்தால் ஈரம் தங்கிப் புண் ஆறாது, தினமும் சவரம் செய்யவேண்டும் என்று மருந்து கொடுக்கும் தோட்டத்து டிஸ்பென்சர் சொல்லிவிட்டார். ரேசரை நீங்கள் இடது கையில் பழகிக்கொண்டீர்கள். நுரை போடத்தான் முடியவில்லை. பழைய பிரஷின் ஒல்லிப் பிடி உங்கள் கையில் நிற்காது. கையாலேயே சோப்பைப் பூசிப் பார்த்தீர்கள். சோப்பு பட்ட கையில் ரேசர் வழுக்கிக் காதோரம் வெட்டியது. அந்தப் பிரஷும் பன்றி மயிர். இந்தப் பனிமூட்டத்தில் அது ஒருநாளும் முழுதாய்க் காய்ந்ததில்லை. நாற்றம் ஒருபக்கம், உதிர்ந்த மயிர் புண்ணில் ஒட்டிக்கொள்வது இன்னொரு பக்கம்.

கல்லூரிக் கடிதத்தை அத்தையிடம் மட்டும் காட்டியிருந்தேன். உங்கள் தங்கை எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா?

"நீ போ மருமவளே. சோறு, துணி எல்லாம் நான் பாத்துக்குவேன். அந்தப் புண்ணுகிட்ட மட்டும் என்னயக் கூப்புடாத. ரத்தம் சீழ் பாத்தா கண்ண இருட்டிக்கிட்டு வருது எனக்கு."

ஆக, நுரை போட்டுச் சவரத்தை நீங்களே முடித்துக்கொள்ள முடிந்தால் நான் போகலாம். இல்லையென்றால் போக முடியாது. அதற்குத்தான் தடித்த பிடியுள்ள, சீக்கிரம் காயும் நைலோன் பிரஷ் தேடி அட்டனுக்குப் பஸ் ஏறினேன்.

கடை முதலாளி மூன்று பிரஷ்களை எடுத்து வைத்தார். "என்ன டீச்சர், மாப்பிள்ளைக்கா?"

"அப்பாவுக்கு. வலது கை வெளங்கல."

பிளேடு வாங்க நின்ற பஸ் கண்டக்டர் குறுக்கே பேசினார். "நைலோன் சட்ட போட்டாலே ஒடம்பு எரியுது. மூஞ்சியில வேற தேய்க்கணுமா?"

"ஒன்னய யாரு வாங்கச் சொன்னா? பிளேட எடுத்துக்கிட்டு பஸ்ஸப் போய்ப் பாரு" என்று முதலாளி அவரை விரட்டினார்.

ஒரு கோப்பைத் தண்ணீரும் துண்டுச் சோப்பும் கேட்டு வாங்கினேன். முதல் பிரஷ் முரடு. தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியாமல் என் மணிக்கட்டு வழியே வடியவிட்டது. சோப்பும் அதோடு போயிற்று. இரண்டாவது நுனி மெலிந்து, பஞ்சு போல இருந்தது. ஆனால் பிடி பென்சில் தடிமன். அமுக்கினால் மடங்கிப் படுத்துவிடும், விரல்களால் லேசாக ஓட்டினால்தான் நுரை கட்டும். மூன்றாவது குட்டை, நல்ல அடர்த்தி, பிடி கொய்யாக்காய் அளவு. கை முழுதாலும் பற்றி அழுத்திச் சுற்றினால் போதும், நைலோன் தானாகவே நிமிர்ந்து நுரையை எழுப்பியது. வைத்த இடத்தில் சாயாமல் நின்றது.

அதை இடது கையில் பிடித்து என் கன்னத்திலேயே பூசிப் பார்த்தேன்.

"டீச்சருக்குத் தாடி மொளச்சிருச்சு!" என்றார் போகாமல் நின்ற கண்டக்டர். எனக்கும் சிரிப்பு வந்தது. முதலாளி சிரிக்கவில்லை.

"கை வெளங்காதவங்களுக்கு இதுதான் டீச்சர். யாரு தயவும் வேணாம். அவரே போட்டுக்குவாரு."

அப்போதுதான் பயம் வந்தது. தெரியாத ஊர், விடுதி, பெரிய பாடசாலைகளில் படித்துவிட்டு வரும் பெண்கள். பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன், அவற்றில் எத்தனையோ பேர் வீட்டை விட்டுக் கிளம்பிப் போகிறார்கள். என்னால் முடியவில்லை. கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"இது நுனி குத்துது முதலாளி. புண்ணுல பட்டா எரியும். அந்த மெல்லிசயே குடுங்க."

அது குத்தவேயில்லை, அப்பா.

நீங்கள் நான் வாங்கிவந்ததைக் கன்னத்தில் தடவிப் பார்த்து, "பூ மாதிரி இருக்கு ஆத்தா. ஆனா என் கையில நிக்கலியே" என்றீர்கள்.

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நாளைக்கு ஒனக்குன்னு ஒருத்தன் வந்தா, ரெண்டு மொகத்துக்கும் சேத்தா நொரை கரைப்ப?"

கோணிய வாயால் சிரித்தீர்கள். அதில் ஏதாவது சந்தேகம் இருந்ததா? நான் சோப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுவாரம், குடும்ப நிலைமை காரணமாக வர இயலவில்லை என்று கல்லூரிக்கு எழுதிப் போட்டேன்.

அப்புறம் இரண்டு வருடம். அந்தப் பிரஷின் குணம் முழுதும் எனக்குப் பாடமாயிற்று. கொதிநீர் பட்டால் நுனி வளைந்துவிடும், வெதுவெதுப்புதான் ஆகும். நன்றாக உதறி வைத்தால் அடைமழையிலும் நான் பள்ளிக்கூடம் விட்டு வருமுன் காய்ந்துவிடும். புண் ஆறியது. காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி முகத்தை என்னிடம் விட்டுவிடுவீர்கள். சில நாள் அலுப்பில் அழுத்தித் தேய்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் ஏன் மறைக்க வேண்டும்?

இங்கே எல்லாம் பழையபடிதான். பள்ளிக்கூடக் கூரை இன்னும் ஒழுகுகிறது. "அப்பாவுக்காகப் படிப்பையே விட்ட புள்ள" என்று என்னைக் காட்டிச் சொல்கிறார்கள். நானும் தலையைக் குனிந்துகொள்வேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் வேலை விட்டு வந்த அத்தை கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

"என் பாழாப்போன பயந்தான் மருமவளே ஒன்னய இங்கயே கட்டிப் போட்டுருச்சு. கண்ண மூடிக்கிட்டாவது நான் செஞ்சிருக்கணும்."

இதை அத்தை சொல்வது முதல்தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் "விடுங்க அத்த" என்று சொல்லி, அந்தப் பழியை அவரிடமே விட்டு வந்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் என்னைப் புகழ்ந்தாலும் தலை குனிந்து வாங்கிக்கொள்ள மாட்டேன். அப்பாவுக்காக இல்லை, பயந்துதான் போகவில்லை என்று சொல்வேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதும் அதற்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டி சுட்டுக்கொண்டே முழுதும் கேட்டார்.

"அப்ப, அண்ணன் தானாவே செஞ்சிருக்கலாமா?"

"ஆமா அத்த."

இன்று வியாழக்கிழமை. அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை.

உங்கள் மகள்,
பரிமளம்