மண்டகப்பட்டுக்கு ஒரு ‘ட’

செஞ்சி
3.8.1986

அன்பு மீனாவுக்கு,

போன வாரம் உன் கடிதம் வரல. கோபமில்லை, வருத்தம்தான்.

பெரிய சேதி. எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சிருந்தியே, ஆர்டர் வந்துட்டுது! இங்கேயே தாலுக்கா ஆபீஸ்ல வேலை. இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள சேரணும். நைனா தெரு முழுக்கக் காட்டிட்டார். “நம்ம காலனிலேர்ந்து அந்த ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்காரப்போற முதல் பொம்பளை என் மருமவதான்”னு சொல்லி மாளல.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகுது. நான் தொண்டூர் ஸ்கூல்ல பாடம் நடத்திட்டு, வந்து பூட்டைத் திறக்கிறேன். கிண்டி கம்பெனில உன்னை இன்னும் நிரந்தரமாக்கல. வந்துடு மீனா.

உன்
காமராஜ்

சென்னை
7.8.1986

அன்புள்ள மாமா,

ஆர்டர் சேதியைப் படிச்சுட்டு ஹாஸ்டல்ல சத்தமாச் சிரிச்சேன். ஆனா உடனே கிளம்ப முடியாது.

பஸ் ஸ்டாண்டுல ஊர்ப்பேரைத் தமிழ்ல காட்டுற விளக்குப் பலகை செய்யிறோம். உள்ளே ஒரு எட்டு பிட் சிப். ஒவ்வொரு எழுத்தையும் எங்கேர்ந்து எடுத்து எங்கே வைக்கணும்னு அசெம்பிளி மொழியில நாமதான் அதுக்குச் சொல்லணும். விட்டுப்போன எழுத்தை நடுவுல நுழைக்கிற பகுதி என்னுது. நம்ம பக்கத்து மண்டகப்பட்டை ‘ட’ இல்லாம ‘மண்கப்பட்டு’ன்னு அடிச்சு, அப்புறம் ‘ட’வை நுழைச்சேன். ‘மண்டககககக’ன்னு வந்துது!

எல்லாரும் சிரிச்சாங்க. தலைமை இன்ஜினியர் ரங்கநாதன் சார் சிரிக்கல. “இந்தச் சிப்புல தமிழ் ஏறாதும்மா. இருபதாம் தேதி அதிகாரிங்க வராங்க, இங்கிலீஷ்லயே போட்டுடலாம்.”

“அதுவரைக்கும் டைம் குடுங்க சார்.”

“முடியலைன்னா?”

“ஊருக்கே போயிடறேன்”னு சொல்லிட்டேன்.

தோத்துட்டு வந்து அந்த நாற்காலியில உட்கார மனசில்லை மாமா. ஜெயிச்சா என்ன பண்றதுன்னும் தெரியல.

அன்புடன்
மீனம்பாள்

செஞ்சி
11.8.1986

அன்பு மீனா,

எழுத்தை நுழைக்கிறது எனக்கு ஒண்ணும் புரியல. ‘ஜெயிச்சா’ன்னு எழுதியிருக்கியே, அதுதான் புரியுது. கவர்மென்ட் வேலை ரெண்டாம் தடவை கதவைத் தட்டாது. வேற எழுதத் தோணல.

காமராஜ்

சென்னை
20.8.1986

மாமா, ஜெயிச்சுட்டேன்!

‘ட’வுக்கு இடம் விட, ‘க’லேர்ந்து எல்லா எழுத்தையும் ஒரு இடம் தள்ளி நகர்த்தணும்; அதுல முதல் எழுத்தை முதல்ல நகர்த்தினதுதான் தப்பு. அந்த ‘க’ பக்கத்து எழுத்து மேல ஏறி அதை அழிச்சுது. அடுத்து நகர்ந்ததும் அதே ‘க’தான். கடைசி எழுத்துலேர்ந்து ஆரம்பிச்சு, பின்னாலேர்ந்து முன்னால வரணும். அப்படி மாத்தினேன். அப்ப எழுத்து தீர்ந்த பிறகும் சிப் நிக்காம ஓடி, பலகை பூராக் குப்பை! நகர்த்த வேண்டிய எழுத்து இன்னும் எத்தனைங்கிற எண்ணிக்கை பூஜ்யமானதை அது தானாச் சொல்லாது, ஒவ்வொரு தடவையும் நாமே கேக்கணும்னு பிடிபட ரெண்டு நாள் ஆச்சு. கேட்டேன். நின்னுது.

இன்னிக்கு ஒரு அதிகாரி வேணும்னே ‘தொடூர்’னு அடிச்சார். “எங்கே, திருத்துங்க பாப்போம்.” உங்க ஸ்கூல் ஊரேதான்! ‘ண்’ணைத் தட்டினேன். ‘டூர்’ ஒதுங்கி வழிவிட்டுது. தொண்டூர்! சிவப்பா, பளிச்சுன்னு. முதல்ல கை தட்டினது ரங்கநாதன் சார். “தமிழ்ப் பலகை இனிமே உன் பொறுப்பும்மா. வேலை நிரந்தரம்”னார்.

உங்களைக் கேக்காமலே சரின்னுட்டேன். தாலுக்கா ஆபீஸ் வேலை வேண்டாம்னு எழுதி இதோட வச்சிருக்கேன், குடுத்துடுங்க. திட்டி எழுதுங்க மாமா. எழுதாம மட்டும் இருக்காதீங்க.

உங்கள்
மீனம்பாள்

செஞ்சி
25.8.1986

அன்பு மீனா,

உன் கடிதத்தை நைனாவுக்குப் படிச்சுக் காட்டினேன். தெரு முழுக்கக் காட்டின ஆர்டரை மடிச்சு என் கையில குடுத்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு, “நானும் வரேன்”னார்.

ஆபீஸ்ல தனசேகரன்னு ஒரு கிளார்க். “கவர்மென்ட் வேலையை வேணாம்னு எழுதிக் குடுக்கறவங்களை இப்பதான் சார் பாக்குறேன். அங்க இன்னா வேலை பாக்குறாங்க?” நைனா ஆபீஸ் முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னார்: “மிஷினுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குது என் மருமவ!”

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு வருத்தம் இல்லாம இல்லை மீனா. ஆனா வெளியே வந்து பஜார்ல நடக்கும்போது நானே விசிலடிச்சுக்கிட்டுப் போனேனாம், நைனா சொல்லிச் சிரிக்கிறார்.

செங்கல்பட்டுப் பக்கம் மாற்றல் கேட்டு மனு போட்டுட்டேன். கிடைக்கிற வரைக்கும் சனிக்கிழமை ஸ்கூல் விட்டதும் பஸ்தான். இந்த வாரம் நைனாவும் வரார். பலகையில ‘ராஜாங்கம்’னு அவர் பேரைப் போட்டுக் காட்டணுமாம். புது வேட்டி எடுத்தாச்சு.

உன்
காமராஜ்