ஆளுக்கொரு கல்

பிரேயஸ் துறைமுகத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் கிளம்பிப் போன அன்று லாம்ப்ரோஸின் ஒலிவத் தோப்பு எரிந்தது. தீ வைத்தவன் யாரென்று இன்னும் தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பாதிரியார் ஊரையே முச்சந்திக்குக் கூட்டிப்போனார். தீ வைத்தவனைச் சபித்து ஆளுக்கொரு கல்லை எறிந்து, 'அனாதெமா' என்று சொல்ல வேண்டும்.

"அப்படின்னா என்னம்மா?" என்றாள் நம் ஸ்டமாதா.

"கடவுளே கைவிட்டவன்னு அர்த்தம். செத்தாலும் அவனை மண்ணு ஏத்துக்காது."

"அவனுக்குப் பொண்ணு இருக்காம்மா?"

நான் அவள் கையில் கல்லைத் திணித்தேன். லாம்ப்ரோஸ் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உம் புருஷன் ஊர்ல இல்லையே, அவனுக்கும் சேத்துச் சத்தமாச் சொல்லும்மா" என்றான்.

சொன்னேன். உரக்கவே சொன்னேன்.

நீங்கள் கழற்றிப் போட்டுப் போன மேல்கோட்டை மூன்று தடவை துவைத்துவிட்டேன். மண்ணெண்ணெய் வாடை போகவில்லை.

அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் இன்னும் கல் போடுகிறார்கள். குவியல் இடுப்புயரம் வந்துவிட்டது. பேருந்தும் அங்கேதான் நிற்கும். நீங்கள் வந்து இறங்கினால், ஊர் பார்த்திருக்கக் குனிந்து ஒரு கல்லை எடுக்க வேண்டும்.

தேட வேண்டாம். "அப்பாவும் போடணும்ல" என்று, உங்கள் கைக்கு அடங்குகிற மாதிரி ஒன்றை மகள் பொறுக்கி வைத்திருக்கிறாள்.

இன்னமும்,
உங்கள் மனைவி