தறியில் கிடந்த முடிச்சு

செவ்வாய், இரவு

சித்தப்பாவை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவின் தறியில் பாதி நெய்திருந்த பட்டுச்சேலையை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்த குமார் அண்ணன்தான் திருடன் என்று சித்தப்பா அவரைத் தெருவில் வைத்து அறைந்தார். "தடய அறிவியல் படிக்கிறியே, நீயே போய் பாரு" என்று என்னிடம் நக்கல் வேறு.

பார்த்தேன். தறியில் மிச்சமிருந்த, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் சிக்காமலிருக்க, கொத்துக்கொத்தாக முடிச்சுப் போட்டிருந்தது. பெயிண்டருக்கு அந்தக் கவலை எதற்கு? நெய்கிற கைதான் தன்னை அறியாமல் அப்படி முடிச்சுப் போடும். அப்பாவைத் தவிர வீட்டில் நெய்வது சித்தப்பா மட்டும்தான்.

"திருடன் எதுக்கு சித்தப்பா முடிச்சு போட்டுட்டுப் போனான்?" என்று கேட்டேன்.

தான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்வார் என நினைத்தேன். "போட்டோ எடுத்துகினியா?" என்றார்.

எடுத்துத்தான் வைத்திருக்கிறேன். காலையில் முதலில் குமார் அண்ணனிடம்தான் காட்டப்போகிறேன்.