கத்தாரில் தின்ற கோழி

மகளின் வாப்பாவுக்கு, ஸலாம்.

போனில் நீங்கள் ஸ்பீக்கர் போட்டுத்தான் கதைக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய, வீங்கிய முழங்காலின் படத்தைக் கல்முனை டொக்டரிடம் காட்டினேன். குடலில் கிருமி தொற்றினால் வெள்ளை அணுக்கள் அதன் துண்டைத் தங்கள் மேற்பரப்பில் தூக்கிக் காட்டுமாம். சிலருக்கு அந்த மேற்பரப்பில் பிறவியிலேயே ஒருவகைப் புரதம் இருக்குமாம். அவர்களுக்குக் கிருமி போன பின்னும் அணுக்களின் சந்தேகம் தீராது, சொந்த மூட்டையே தாக்குமாம்.

“கண் சிவந்ததா? சிறுநீர் போகக்குள்ள எரிஞ்சதா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். முழங்காலை மட்டும்தானே படம் எடுத்து அனுப்பினீர்கள்.

கெட்ட கோழி தின்று வயிற்றால் போனது என்றீர்களே, அதையும் சொன்னேன்.

“ஓம், அதால வரும். வேற வழியிலயும் வரும்” என்றவர், மேசையைப் பார்த்தார். கணவன் மனைவிக்குள் மட்டும் இருக்கவேண்டிய அந்த வழியை நான் எழுதமாட்டேன்.

கத்தாரில் உங்கள் அறையில் இருக்கும் முனவ்வர் லீவில் வந்திருக்கிறார். உங்களோடு ஒரே சட்டியில் தின்பவர். “எங்கட ரூமில ஆருக்கும் வயித்தால போகல்லயே, ராத்தா” என்றார்.

அடுத்த மாதம் வருகிறீர்கள். அந்த முழங்காலோடு மாடி ஏறுவது கஷ்டம். உங்கள் கட்டிலை மட்டும் கீழே, முன் ஹோலில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மகளின் உம்மா