டென்மாருவுக்கு நான் சொன்ன பதில்

நெரிமா, டோக்கியோ
பிப்ரவரி 1967

அன்பு மகன் தொமோயுகிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் நலம், சலூன் நலம், உன் அம்மாவும் தொண்டையைத் தவிர மற்றபடி நலம். நீயும் நொபுயேவும் உங்கள் மிளகுக் கொடிகளும் அந்தப் பிரேசில் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் சாமி மாடத்துக்கு முன்னால் கைதட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் கடையைத் திறக்கிறேன். நீ அனுப்பிய மிளகு வந்து சேர்ந்தது. சுங்கத்துக்காரர்கள் பையைக் கிழித்துப் பார்த்துவிட்டு ஏனோதானோவென்று ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அதைப் பிரிக்கும்போது ஒரு ஆள் முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார், நான் போட்ட தும்மலில் அவர் காது தப்பியது உன் பாட்டன் பூட்டன் புண்ணியம். மிளகு நல்ல காரம். உடோன் நூடுல்ஸ் குழம்பில் போட்டுச் சாப்பிட்டேன், மூக்கும் கண்ணும் ஒழுகின, உன் அம்மா பார்த்துவிட்டு மகனை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

இந்த முறை கடிதம் தாமதமானதற்குக் காரணம் உன் அம்மாவின் வேலைதான். நீ கப்பலேறிய பிறகு தொடங்கியது என்பதால் உனக்கு இதன் பவிசு முழுதாகத் தெரியாது. வானொலி நாடகத்தில் வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி என்று பேசிக்கொண்டிருந்தவளை மூன்று வருஷத்துக்கு முன் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டு, சித்திரப் படத்தில் ஓர் இயந்திரப் பையனுக்குக் குரல் கொடுக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதுதான் டென்மாரு. கடிகாரக் கடை வைத்திருக்கும் ஒரு பேராசிரியர் செய்த பத்து வயதுப் பையன், நெஞ்சுக்குள் கடிகாரம், உச்சந்தலையில் ஒற்றைக் கம்பி, காலில் நெருப்பு. வாராவாரம் சனிக்கிழமை மாலை வாசலில் நின்று “போயிட்டு வரேன்!” என்று கத்திவிட்டு வானத்தில் பறப்பான், எரிமலையை அடைப்பான், மூழ்கும் கப்பலைத் தூக்குவான். எனக்கு இதனால் கிடைத்தது என்னவென்றால், தெருவில் இருக்கிற அத்தனை வாண்டுகளும் உச்சியில் ஒரு கொத்து முடியை மட்டும் விட்டு மற்றதை ஒட்ட வெட்டச் சொல்லி வந்து உட்காருகின்றன. அம்மாக்காரிகள் என்னை முறைக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இடுப்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொள்ளும் உன் அம்மாதான் அந்தப் பையன் என்று தெருவுக்கே தெரியும், ஆனாலும் அவள் முள்ளங்கி வாங்கப் போனால் பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கி வணக்கம் வைக்கின்றன. எனக்கு ஒரு பயலும் வைத்ததில்லை.

அந்தத் தொடர் இந்த மாதத்தோடு முடிந்தது. கடைசிக் கதையை இயக்குநர் நெமோதோவே எழுதினார். முப்பது வயது ஆள், முடி வெட்டிக்கொள்ள நேரமில்லாமல் கழுத்துவரை தொங்கும், பார்க்கும்போதெல்லாம் என் கை பரபரக்கும். கதை என்னவென்றால், பூமியில் விழவரும் ஒரு வால்நட்சத்திரத்தைத் தள்ளிக்கொண்டு டென்மாரு வெகுதூரம் போய்விடுகிறான், திரும்பி வருவதற்குள் இங்கே பல காலம் ஓடிவிடுகிறது. இயந்திரத்துக்கு ஏது மூப்பு, போனபடியே வந்து நிற்கிறான். வீடு இருக்கிறது, பேராசிரியர் இல்லை. இருட்டில் கதவுக்கு முன்னால் நின்று “நான் வந்துட்டேன்” என்கிறான். உள்ளேயிருந்து பதில் இல்லை. அவ்வளவுதான், முற்றும். இத்தனை வருஷத்தில் அவன் போயிட்டு வரேன் என்று சொல்லாத வாரம் இல்லை, வந்துட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாம், அதைக் கடைசிக்கென்று வைத்திருந்தார்களாம். உன் அம்மா கதையைப் படித்துவிட்டு அன்றைக்கு இரவு சாப்பாட்டில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி இல்லை, தொண்டை கட்டி, காய்ச்சலும் சேர்ந்து, பேசினால் ரம்பம் அறுக்கிற மாதிரி இருந்தது. வெங்காயத்தாளைச் சுட்டுத் துணியில் சுற்றிக் கழுத்தில் கட்டினேன், முள்ளங்கித் துண்டைத் தேனில் ஊறவைத்து மணிக்கொரு தரம் கொடுத்தேன், வீடே குழம்புக் கடை மாதிரி நாறியது. தோஃபு கடைக்கார இவாசே வீட்டுப் பெண் குழந்தை, இன்னும் பள்ளிக்கூடம் சேராதவள், தையல் மிஷின் எண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு வந்து “அத்தை, தொண்டையில ரெண்டு சொட்டு விட்டுக்கங்க, சரியாப் போயிடும்” என்றாள். உன் அம்மா அதை மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்தாள். ஒலிப்பதிவைத் தள்ளிவைக்க முடியாது என்று ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்து சொன்னார். சனிக்கிழமை ஒளிபரப்பு, அதற்கு முந்தைய வியாழன் பதிவு, முடியாவிட்டால் தமாயே என்கிற இளம்பெண் தயாராக இருக்கிறாள், அவள் குரலும் அச்சு அசலாக இருக்கும், நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். அவர் போன பிறகு உன் அம்மா கம்மிய குரலில் “மூணு வருஷமா போயிட்டு வரேன்னு சொன்னது நான். வந்துட்டேன்னு சொல்றது மட்டும் வேற ஒருத்தியா? அந்தப் பிள்ளைய நானே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேங்க” என்றாள். நான் முள்ளங்கித் தேனை நீட்டினேன்.

ஆக வியாழக்கிழமை கடையை மூடிவிட்டு நானும் போனேன், ஃபிளாஸ்க்கும் வெங்காயத்தாள் மூட்டையும் தூக்க ஆள் வேண்டுமே. நெமோதோ என்னைப் பார்த்து “ஐயா, மூலையில உக்காருங்க, ஆனா மூச்சுக்கூட விடக்கூடாது” என்றார். அங்கே வேலை நடக்கிற விதத்தை நீ பார்க்க வேண்டும். ஒரே மைக், அதைச் சுற்றி எல்லாரும், பேச வேண்டியவர் பூனை மாதிரி முன்னால் வருவதும் பேசி முடித்தவர் பின்னால் போவதும், எல்லார் காலிலும் காலுறை மட்டும். பாதிக் கதையை ஒரே மூச்சில் ஒலிநாடாவில் பிடிக்கிறார்கள், நடுவில் வெட்டி ஒட்டும் வசதி எல்லாம் கிடையாது, கடைசி வரியில் ஒருவர் இருமினாலும் முதலிலிருந்து எல்லாரும் பேச வேண்டும். அதனால் வயிறு கத்திவிடப் போகிறதே என்று யாரும் பசியோடு வருவதில்லை. திரையில் ஓடுவதும் முழுப் படம் இல்லை, வரைந்து முடிக்க நேரமில்லாமல் வெள்ளைத் தாளில் பென்சில் கிறுக்கல், மூலையில் சிவப்புக் கோடு தெரிந்தால் டென்மாரு பேச வேண்டும், நீலக் கோடு தெரிந்தால் பேராசிரியர். பேராசிரியராகப் பேசுபவர் குசுமி என்ற வயதான மேடை நடிகர், இரண்டு சால்வை போர்த்தியிருந்தார், எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். தமாயே சுவரோரமாகக் கையில் தாளோடு நின்றாள். பாவம், அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

முதல் பாதி எப்படியோ தேறியது. இடைவேளையில் உன் அம்மா என்னிடம் விரலால் ஒன்று என்று காட்டினாள், இன்னும் ஒரு தடவைக்குத்தான் குரல் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் பாதி ஓடியது. தொமோயுகி, இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், கழுத்தில் வெங்காயத்தாள் நாற்றத்தோடு நிற்கிற என் பெண்டாட்டியின் வாயிலிருந்து அந்தப் பத்து வயதுக் குரல் பிசிறில்லாமல் வந்தது, நான் பெருமையில் கண்ணை மூடிக்கொண்டேன். கணப்பு வேறு இதமாக இருந்தது. வால்நட்சத்திரம் போயிற்று, காலம் ஓடிற்று, சத்தமெல்லாம் அடங்கிற்று. அப்போது ரொம்பத் தூரத்திலிருந்து நடந்து வந்து களைத்துப்போன ஒரு குரல் “நான் வந்துட்டேன்” என்றது. நான் “ம், வந்துட்டியா, குளிரா இருந்திருக்குமே” என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். இருபத்தெட்டு வருஷமாக உன் அம்மா சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த வார்த்தையைச் சொல்லுவதும் நான் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்துட்டியா என்பதும் உனக்குத் தெரியும். இந்த நாட்டில் எந்த வீட்டில்தான் வந்துட்டேன் என்ற குரலுக்குப் பதில் சொல்லாமல் வாய் சும்மா இருந்திருக்கிறது? கண்ணைத் திறந்தால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெமோதோ எழுந்து நின்று “யாரு? யாரு அது?” என்று கத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து போகலாம் என்றார். உன் அம்மா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இன்னொரு முறை திறந்தாள், அதுவும் வரவில்லை. என் மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. நெமோதோ தமாயேவைக் கூப்பிட்டார். பாதிக் கதையும் அவள் குரலில் போகும், கடைசி வார்த்தையும் அவளுடையதாகிவிடும் என்று எனக்கே விளங்கியது.

அந்தப் பெண் மைக் பக்கம் வந்தாள், ஆனால் “ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டு எடுக்கலாமா சார், அக்கா எப்படிச் சொன்னாங்கன்னு நான் பிடிச்சுக்கணும்” என்றாள். நாடாவைத் திருப்பிப் போட்டார்கள். திரையில் ஒரு கதவு மட்டும் பென்சிலில் வரைந்திருந்தது, சிவப்புக் கோடு வந்தது, உன் அம்மா வந்துட்டேன் என்றாள், அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து என் குரல் கேட்டது. என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏதோ கிழவன், கையில் வேலையோடு, நிமிர்ந்து பார்க்காமல், இவன் வருவான் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. குசுமிதான் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு “இதுல என்னய்யா குத்தம்? பிள்ள அவ்வளவு தூரம் போயிட்டு வந்து நிக்குது, ஒரு நாதி பதில் சொல்லலைன்னா அது வீடா, குட்டிச்சுவரா?” என்றார். நெமோதோ என்னிடம் வந்து “ஐயா, இதை மறுபடி இதே மாதிரி சொல்லச் சொன்னா சொல்வீங்களா?” என்று கேட்டார். சத்தியமாக வராது என்றேன். “அப்ப இதுவே இருக்கட்டும். நான் எழுதினது ஆளில்லாத வீடு, இப்ப உள்ளே ஆள் இருக்கு, நான் என்ன செய்யட்டும்” என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் ஒரு விளக்கு எரிகிற மாதிரி வரையச் சொல்லிப் படம் போடுகிற பையன்களை விரட்டினார். தமாயே உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், தப்பித்தேன் அக்கா என்றாள்.

சனிக்கிழமை மாலை வழக்கம்போல வாண்டுகள் எல்லாம் நம் கடையில் கூடின, நாற்காலிக்கு இரண்டு பேர். டென்மாரு இருட்டில் வந்து கதவு முன்னால் நின்றதும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. வந்துட்டேன் என்றான். உள்ளேயிருந்து பதில் வந்து விளக்கு எரிந்ததும் பார், அத்தனையும் குதித்தன, “ஆள் இருக்காங்க! ஆள் இருக்காங்கடா!” என்று போட்ட ஆட்டத்தில் என் சீப்பு, கிண்ணம் எல்லாம் உருண்டன. யார் அது என்று பெரிய சண்டை. பேராசிரியரின் பேரன் என்றது ஒன்று, அவரே இன்னொரு இயந்திரமாகிவிட்டார் என்றது ஒன்று. இவாசே வீட்டுப் பெண் மட்டும் என்னை உற்றுப் பார்த்து “நம்ம சலூன் மாமா மாதிரி இருந்துச்சே” என்றாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டேன். உன் அம்மா சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எல்லாம் போன பிறகு என் காதருகே வந்து கிசுகிசுப்பாக “இத்தனை வருஷத்துல என்னைப் பார்த்து வந்துட்டியான்னு மட்டும்தான் கேட்டிருக்கீங்க. குளிரா இருந்திருக்குமேன்னு கேக்க ஒரு தகரப் பிள்ளை வரவேண்டியிருக்கு” என்றாள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பிவிட்டது, அடுத்து ஒரு நரிக்குட்டிக்குப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், காலையிலிருந்து சமையலறையில் ஊளைச் சத்தம். எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நீ அடுத்த வருஷம் அறுவடை பார்த்துக்கொண்டு வரலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். யோசித்துச் செய், கொடிகளை அடுத்தவர் கையில் விட்டு அவசரப்பட்டு ஓடிவர வேண்டாம். தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, நொபுயே மேல் சிடுசிடுக்காதே, உன் மூக்கு நுனிக் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் கொடியும் கொம்புமாகத் தழைத்து நூறாண்டு இருக்க எங்கள் ஆசிகள்.

ஒன்றை மட்டும் நினைவில் வை. யொகோஹாமா துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே வழியனுப்பப் பிடிக்கும் காகித நாடாவைப் பிடித்துக்கொண்டு நீ போயிட்டு வரேன் என்றுதான் சொன்னாய், போகிறேன் என்று சொல்லவில்லை, என் காதால் கேட்டேன். அந்த வார்த்தையின் மறுபாதி இன்னும் உன்னிடம் இருக்கிறது. என்றைக்கு வந்தாலும் முன்கூட்டித் தகவல் வேண்டாம், சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு அதைச் சொல். யார் முகத்தில் நுரை இருந்தாலும், என் கையில் கத்தி இருந்தாலும், பதில் தன்னால் வந்துவிடும். நீ வெயில் ஊரிலிருந்து வருகிறவன், குளிரா இருந்திருக்குமே என்பது பொருந்தாதே, மாற்றிச் சொல்வீர்களா என்று உன் அம்மா கேட்கிறாள். அது என் கையிலா இருக்கிறது?

இப்படிக்கு,
வீட்டுக்குள் இருக்கும் உன் அப்பா,
முராகோஷி கிசாபுரோ