கொடுத்ததும் உள்ளதும்

9 ஜூன் 1997, திங்கள்

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. புதிது அல்ல. மேற்கு மாம்பலத்தில் கல்யாணத் தகவல் நிலையம் நடத்தும் சுப்புலக்ஷ்மி மாமி பழசைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினார். பழசு தி.நகரில் கனகராஜ் கடையில்தான் இருக்கிறது, நன்றாக ஓடும், போய்ப் பார் என்று சொன்னவரும் அவரே. என் பெண் ஸ்ரீலக்ஷ்மிக்கு வரன் பார்த்துக் கொடுத்தவர், எனக்கும் ஒரு துணை பார்த்துக் கொடுத்துவிட்டார்! காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை இனி டைப்ரைட்டரில் இடித்து விரல் நோக வேண்டாம்.

கனகராஜே ஆட்டோவில் கொண்டுவந்து மாட்டினான். "உள்ள இருந்ததெல்லாம் க்ளீன் பண்ட்டேன் மாமி. சும்மா பளிச்னு கீது" என்றான். லக்ஷ்மி என் பழைய புடவையில் அதற்கு உறை தைத்துவிட்டாள்.

11 ஜூன், புதன்

தப்பாக அடித்தால் வெள்ளை மை தடவ வேண்டாம். ஒரு விசை, அவ்வளவுதான். என்ன சுகம்!

14 ஜூன், சனி

தபால்காரர் அடுத்த தெருக் கடிதத்தை நம் வீட்டில் போட்டுவிட்டார். இவர் அந்த வெயிலில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போய் உரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை தபால்காரரிடமே கொடுத்தால் ஆகாதா? ஆகாது. எனக்கு உபதேசம் வேறு: "பிரிக்காம இருந்தா மட்டும் போறாது கோமளா. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சும் பார்க்கப்படாது."

பார்த்துவிட்டார் போலிருக்கிறது. கொஞ்சமாகத்தான் தூக்கிப் பிடித்தேன்.

நிச்சயதார்த்தம் ஜூலை ஆறாம் தேதி என்று முடிவாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம். பையன் பரத்வாஜ், வீடு நந்தனத்தில். ஒன்பது பொருத்தம் என்று இவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்கிறார். லக்ஷ்மியோ போன் மணி அடித்தால் எங்கிருந்தாலும் ஓடி வருகிறாள்.

17 ஜூன், செவ்வாய்

கிழமையும் செவ்வாய். எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

அடித்த பக்கம் ஒன்று காணாமல் போயிற்று. தேடப் போய் வேறொன்றைத் திறந்துவிட்டேன். கனகராஜ் கூடத்தைப் பெருக்கியிருக்கிறானே தவிர கட்டிலுக்கடியில் பெருக்கவில்லை. சுப்புலக்ஷ்மி மாமியின் வரன்கள் அத்தனை பேரும் அப்படியே இருக்கிறார்கள். பெயர் பெயராக. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பத்தி: 'கொடுத்தது', 'உள்ளது'.

மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. சிரித்துக்கொண்டே படித்தேன். ஒருவருக்குத் தலைமுடி சொந்தமில்லை. ஒருவருக்கு வேலை நிரந்தரமில்லை. ஒரு பெண்ணுக்கு முன்பே ஒரு நிச்சயம் நின்று போயிருக்கிறது — 'தப்பு பெண் மேல் இல்லை' என்று மாமி எழுதியிருந்தார். அங்கே சிரிப்பு நின்றது. அப்போதாவது எழுந்து போயிருக்கலாம் இல்லையா?

பரத்வாஜ் என்ற பெயரைத் திறந்தேன்.

கொடுத்தது: சுத்த ஜாதகம். உள்ளது: செவ்வாய் தோஷம் உண்டு, பையன் பிறந்த நேரத்தை அப்பா கொஞ்சம் தள்ளியிருக்கிறார்.

செவ்வாய்க்குச் செவ்வாயைத்தான் சேர்ப்பார்கள். சுத்த ஜாதகத்தோடு சேர்த்தால் அந்த உயிருக்கே ஆகாது என்பார்கள். என் லக்ஷ்மிக்குச் சுத்த ஜாதகம்.

பக்கத்து அறையில் அவள் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

18 ஜூன், புதன்

சாத்தமுதில் புளி உண்டு, உப்பு இல்லை. இவர் தானே உப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

20 ஜூன், வெள்ளி

இவரிடம் சொன்னால் அந்த நிமிஷமே கல்யாணம் நின்றுவிடும். அடுத்த நிமிஷம், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பார். என்ன சொல்வேன்? முந்நூறு பேர் கடிதத்தைப் பிரித்தேன் என்றா?

எங்கேயோ இருக்கிற செவ்வாய் கிரகம் மயிலாப்பூரில் இருக்கிற பெண்ணை என்ன செய்யும் என்று காலையில் தோன்றுகிறது. சாயங்காலம் விளக்கேற்றும்போது தோன்றவில்லை. பயமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. எவ்வளவு மரியாதையா பேசினார் பையனோட அப்பா! இப்படி ஏமாத்துவாளோ? நம்மாத்துல யாராவது இப்படிப் பண்ணுவோமா?

பரத்வாஜ் மேல் மட்டும் கோபம் வரவில்லை. அன்று வந்தபோது காப்பி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரம் தேய்க்கிற தொட்டி முற்றத்தில் வைத்தான்.

22 ஜூன், ஞாயிறு

மனசு தாங்காமல் பக்கத்து வீட்டு ஹம்சாவிடம், பழைய மெஷினில் மாமியின் வரன்கள் எல்லாம் இருப்பதை மட்டும் உளறிவிட்டேன். பரத்வாஜ் விஷயம் சொல்லவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நம்ம தெருவுல யார் யார் இருக்கான்னு பாரேன்! மூணாம் நம்பர் பொண்ணு? எப்பவும் அலட்டிண்டு திரியறாளே, அவளோடதை முதல்ல எடு."

அவள் கண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை என் கண்ணும் இப்படித்தானே இருந்திருக்கும்?

"உன் பிள்ளை ஸ்ரீகிருஷ்ணாவையும் மாமிகிட்டதானே பதிஞ்சே? அதுலேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

"ஐயையோ, அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்" என்று எழுந்து போனாள். அவன் பெயர் அதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவே தெரியாது.

24 ஜூன், செவ்வாய்

மேற்கு மாம்பலம் போனேன். கதவைச் சாத்தச் சொல்லி, மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு சொம்பு தண்ணீரும் காலி.

"எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு அந்தக் கனகராஜ் சத்தியம் பண்ணினானே! எத்தனை அப்பா அம்மா எங்கிட்ட அழுதுண்டே சொன்னது தெரியுமா? உங்ககிட்ட மட்டும்னு சொல்லி சொன்னது கோமளா. வெளியில போனா எத்தனை ஆத்துல அடுப்பு எரியாது!"

நான் அதற்கெல்லாம் இரங்கும் நிலையில் இல்லை. "தெரிஞ்சே என் பொண்ணைச் செவ்வாயோட சேர்த்திருக்கேளே, இது நியாயமா?" என்று கத்திவிட்டேன்.

மாமி என்னை உற்றுப் பார்த்தார். "உங்க பொண்ணு பேரையும் திறந்து பார்த்தேளோ?"

"அவ ஜாதகம் எனக்குத் தெரியாதா? அதை எதுக்குப் பார்க்கணும்?"

மாமி எழுந்து ஜன்னலையும் சாத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கொடுத்ததை வெச்சுண்டு ஊருக்குக் காட்டுவேன். உள்ளதை வெச்சுண்டுதான் சேர்ப்பேன். இத்தனை வருஷத்துல ஒரு செவ்வாயைச் சுத்தத்தோட சேர்த்ததில்லை. இதுக்கு மேல எங்கிட்ட கேக்காதீங்கோ. காப்பி சாப்பிடறேளா?"

காப்பி குடித்தேன். பஸ் ஏறினேன். பனகல் பார்க் தாண்டும் வரை புரியவில்லை.

அப்புறம் புரிந்தது. அப்படியென்றால் என் லக்ஷ்மிக்கும் — இரண்டு வருஷம் முன்னால், ஜாதகம் கொடுக்கும் சமயத்தில், பழைய நோட்டு மழையில் நனைந்து மங்கிவிட்டது என்று இவரே உட்கார்ந்து புதிதாக எழுதினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். அந்த வருஷம் நம் வீட்டில் எங்கே மழை ஒழுகிற்று?

அடுத்த தெருக் கடிதத்தை வெயிலில் தூக்கிக்கொண்டு போகிற மனுஷர்!

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். பக்கத்தில் இருந்த அம்மாள், "இன்னா மாமி, ஒடம்புக்கு முடிலியா?" என்று முதுகைத் தடவினார். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் குளத்தருகே இறங்கி நடந்து வந்தேன்.

25 ஜூன், புதன்

ஸ்ரீலக்ஷ்மி, த/பெ ஸ்ரீரங்கன். திரையில் மினுக்கும் கோடு அந்த வரியில் வந்து நிற்கிறது. ஒரு விசை தட்டினால் போதும்.

அவள் பிறந்தது விடியற்காலம். நேரம் பார்த்து எழுதிக்கொண்டது இவர். ஜோசியரிடம் போனதும் இவர். திரும்பி வந்து, "எல்லாம் நன்னா இருக்கு, நீ தூங்கு" என்றது நினைவிருக்கிறது. அன்றிலிருந்தா? அவளுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்காமல் நடந்துகொண்டே இருந்தாரே — அப்போதும் இதைத் தனியாக வைத்துக்கொண்டுதானா? எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன அவ்வளவு பயந்தாங்கொள்ளியா?

ஆமாம். போன வாரம் முழுக்க எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியும்.

திறக்கவில்லை. மாமி சொன்னதிலிருந்து தெரிந்தது தெரிந்துவிட்டது. இவர் ஒளித்து வைத்ததை மாமியின் எழுத்தில் படிக்க எனக்கு மனமில்லை. இவருக்குத் தோன்றினால் இவரே சொல்லட்டும். புடவை உறையைப் போட்டு மூடிவிட்டேன்.

27 ஜூன், வெள்ளி

இவர் ஆபீஸ் போனதும் மாமியே கனகராஜை இழுத்துக்கொண்டு வந்தார். அவன் தலையைச் சொறிந்தான். "மேலாப்ல பேரை மட்டும் எட்துட்டா போதும்னு நென்ச்சேன் மாமி. இனிமே எந்தப் பொட்டி வந்தாலும் வித்தவங்க கண்ணு முன்னாடியே முழுசா தொடச்சிட்றேன்." துடைத்தான். மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை அவன் பின்னால் நின்றார். நான் அடித்து வைத்திருந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டும் சேர்ந்து போயிற்று. போகட்டும், எனக்கு நன்றாக வேண்டும்.

மெஷினில் இல்லை. என் தலையில் இருக்கிறது. கடைத்தெருவில் அடர்த்தியான முடியோடு யார் போனாலும் சந்தேகமாகப் பார்க்கிறேன். நிச்சயம் நின்று போன அந்தப் பெண்ணை என்றைக்காவது ஒரு கல்யாணத்தில் பார்த்தால், எதுவும் தெரியாதது போல் சிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

6 ஜூலை, ஞாயிறு

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. லக்ஷ்மிக்கு அரக்குப் பட்டு எடுப்பாக இருந்தது.

30 அக்டோபர், வியாழன். தீபாவளி

தலை தீபாவளி. மாப்பிள்ளையும் பெண்ணும் நேற்றே வந்துவிட்டார்கள். காலையில் வெடி வெடித்ததில் பரத்வாஜ் புது வேஷ்டியில் ஒரு பொத்தல். லக்ஷ்மி அதை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் சதை கூடப் போட்டிருக்கிறாள்.

சம்பந்திகளும் சாப்பிட வந்தார்கள். அப்பாக்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை. குழந்தைகள் எவ்வளவு அன்யோன்யமாக இருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. சம்பந்தி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "பின்னே? ஒன்பது பொருத்தம்னா சும்மாவா ஸ்வாமி!" என்றார். இவர் பயபக்தியோடு தலையை ஆட்டினார். "ஜாதகம்கறது பொய் சொல்லவே சொல்லாது" என்றார்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வெல்லம் போட்ட திருக்கண்ணமுது எடுத்து வருகிற சாக்கில் உள்ளே ஓடி, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, இவருக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடப் போட்டேன்.

"என்னடி இது, போறும்" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.