வழியில் நிற்காத லாரி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌகரியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குத் தெம்பு. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். போன மாதம் நீ அவளிடம் போனில் புலம்பினாயாம், முன்னும் பின்னும் போலீஸ் வண்டியோடு ஒரு பெரிய லாரி ஆமை வேகத்தில் போய்த் தெரு முனையையே அடைத்துவிட்டது, பிள்ளைக்கு ஊசி போடப் போக நேரமாகிவிட்டது, அந்த டிரைவருக்குக் கண் அவிந்துபோச்சா என்று. கண்ணு, அந்த டிரைவர் நான்தான்.

பிரித்துப்போட்ட அணு உலையின் கழிவுதான் அதில் இருந்தது. துண்டு துண்டாக வெட்டி, பீப்பாயில் போட்டு, சிமெண்ட் ஊற்றி, அதையும் கனத்த இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, பெட்டியைத் துடைத்த துணியைக் கதிர்வீச்சு அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்து, சுத்தம் என்ற பிறகே சாவியைத் தருவார்கள். எந்த வழி என்று வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது. வழியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வேறு டிரைவரைப் போடுவார்கள். நான் சொல்லவில்லை. உங்களைப் பார்த்துவிட மாட்டோமா என்ற நப்பாசை.

பிள்ளை பிறந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டாயே, "அப்பா, நீங்க தூக்கினா அவன் மேல ஒண்ணும் ஒட்டிக்காதே?" என்று. தினமும் எங்கள் உடம்பைச் சோதித்துத்தான் வெளியே விடுகிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் நான் வரவே இல்லை என்று முறுக்கிக்கொண்டு போனை வைத்தேன், வீம்புக்கு அப்படியே இருந்தும்விட்டேன். பெற்றவள் பயந்து கேட்டதில் என்ன தப்பு? நினைத்தால் மனசு அறுக்கிறது.

அன்று நீ என் பக்கம் பார்க்கவே இல்லை, போலீஸ்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாய். உன் இடுப்பில் இருந்தவன்தான் லாரியைப் பார்த்துக் கை காட்டினான். பேரனை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்படித்தான். பதிலுக்குக் கையைத் தூக்கினால் அழுதுவிடுவேன், பக்கத்திலிருந்த காவலருக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி போய்விட்டேன்.

கடைசிப் பெட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். வழியில் உங்கள் வீடு இருந்ததை மறைத்துவிட்டேன் என்று மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். வண்டி ஓட்டும் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள், நியாயம்தான். நீ கூப்பிட்டால் வருகிறேன். தூக்கக் கொடுக்க மனசு வராவிட்டாலும் பரவாயில்லை, எட்ட உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். அடுத்த ஊசியைத் தள்ளிப்போடாதே. முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கை காட்டுகிறான் என்று பயலை அதட்டிவிடாதே.

அன்பு மாறாத,
அப்பா